முந்தின மதியத்து வேலை

தோட்டத்துக் கேள்விகள்: வாசகர் கடிதங்களும் பதில்களும்

தை பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சமாசாரம்தான்: "அக்கா, பனியில கருகிடுச்சு." இந்த மாதமும் அப்படியே. அதனால் கத்தரிக்காய்ப் புழு, ரோஜா இலைப்புள்ளி எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, உறைபனிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கேத்தி பாலாடாவில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து 34 வருடமாகக் காய்கறி போடுகிறவள். வேளாண்மைப் பட்டம் எதுவும் கிடையாது. படித்தவர்களைத் துளைத்து எடுத்துக் கேட்டுக்கொண்டது கொஞ்சம், பனி அடித்துச் சொல்லிக்கொடுத்தது மீதி. நீலகிரியில் ஜனவரி, பிப்ரவரியில் நடுகிற நீர்ப்போகம் ஒரு சூதாட்டம் மாதிரிதான். பனி முழுதாக விலகுவதற்குள் நட வேண்டும். விலகிய பிறகு நட்டால் விலை போய்விடும். சமவெளிக்காரர்களுக்கு இந்தக் கவலை புரியாது. அவர்கள் இந்த மாதம் இதைச் சும்மா கதையாகப் படித்துக்கொள்ளட்டும்.

ஜனவரி இரண்டாம் வாரம் ஒரு நாள் காலையில் புல்லில்கூட வெள்ளை இல்லை. பனி இல்லையென்று நிம்மதியாக டீ குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். பத்து மணிக்குள் இருபது நாள் பீன்ஸ் செடிகள் கறுத்துவிட்டன. அதுவும் நிலத்தின் கீழ்ப்பாதி மட்டும். முந்தின நாள் மருந்து அடித்திருந்தேன். மருந்து சுட்டுவிட்டதா? — ஒரு வாசகர், இத்தலார்

மருந்து இல்லை தம்பி. பனிதான், ஆனால் வெள்ளை வேட்டி கட்டாமல் வந்த பனி.

இரவு வானம் தெளிவாக இருந்து காற்றும் நின்றுவிட்டால், மண்ணும் இலையும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரம் இருந்தால் முதலில் நீர்ப்பனியாகப் படியும். படியும்போது அது கொஞ்சம் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும், அதனால் குளிர் இறங்குவது நிதானப்படும். அப்புறம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் வெள்ளையாகத் தெரியும். காற்று வறண்டு கிடந்தால் படிய ஈரமே இல்லை. வெள்ளை தெரியாது, ஆனால் குளிர் தடையில்லாமல் இறங்கும். உதடு வெடிக்கிற மாதிரி வறண்ட சாயங்காலம் என்றால், வெள்ளை விழுகிற நாளைவிட நான் அதிகமாகப் பயப்படுவேன்.

மருந்தா பனியா என்று தெரிந்துகொள்ள ஒரு செடியைப் பிடுங்கி உட்கார்ந்து பாருங்கள். பனி பட்ட இலை விடிந்ததும் கரும்பச்சையாக, வெந்நீரில் முக்கி எடுத்த கீரை மாதிரி இருக்கும். வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் எண்ணெய்க் காகிதம்போல ஒளி ஊடுருவும். மதியத்துக்குள் கறுத்துத் தொங்கிவிடும். முக்கியமாக, வானத்தைப் பார்த்த மேல் இலைதான் போயிருக்கும். அந்த இலையின் அடியில் ஒதுங்கிய குட்டி இலை பச்சையாகவே இருக்கும். மருந்து சுட்டால் புள்ளி புள்ளியாக, ஓரம் ஓரமாகத்தான் காயும்.

கீழ்ப்பாதி மட்டும் போனதுதான் உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி. குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரி அது தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உங்கள் நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நெருக்கமான வேலிச் செடியோ கல் மதிலோ இருந்தால், அது அணை கட்டிக் குளிரைத் தேக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். வேலியின் கீழ்மூலையில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்துவிடுங்கள். காட்டு மாடு வருமே என்பீர்கள். வரும். கம்பி கட்டிக்கொள்ளுங்கள், கம்பி குளிரைத் தடுக்காது. மேல்பக்கத்தில் இருக்கிற வேலியை மட்டும் தொடாதீர்கள். அது மேலேயிருந்து இறங்குகிற குளிரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும், உங்களுக்கு லாபம்.

மூடாக்கு போட்டால் மண் சூடாக இருக்கும் என்று படித்தேன். குடைமிளகாய் நாற்று நட்ட பாத்திகளில் பாதிக்கு வைக்கோல் பரப்பினேன், பாதிக்கு வைக்கோல் போதவில்லை. வைக்கோல் போட்ட பாதிதான் கருகியது. இது எப்படி? — ஒரு வாசகி, கூக்கல்தொரை

போதாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம் அம்மா.

இதே தப்பை நான் முழு அரை ஏக்கருக்குச் செய்திருக்கிறேன். குத்தகை எடுத்த மூன்றாவது வருடம், ஊரிலிருந்து வைக்கோல் ஏற்றி வரச் செலவு வேறு. பீன்ஸ் வரிசைக்கு நடுவே மெத்தை மாதிரி போட்டுவிட்டு, போர்வை போர்த்திவிட்ட திருப்தியில் தூங்கினேன். விடிந்து பார்த்தால் வைக்கோல் மேல் சர்க்கரை தூவின மாதிரி வெள்ளை. கையில் எடுத்தால் நொறுங்கியது. விரலை வைக்கோலுக்கு அடியில் விட்டேன், மண் வெதுவெதுப்பாக இருந்தது! சூடு அங்கேதான் இருந்திருக்கிறது. செடிக்குப் போகாமல் நானே நடுவில் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

பகலில் வெயிலைக் குடித்த மண் இரவில் அதை மெல்ல வெளியே விடுகிறது. அந்த மூச்சில்தான் செடி உயிர் பிழைக்கிறது. வைக்கோல் என்ன செய்கிறது? பகலில் வெயிலை மண்ணுக்கு விடுவதில்லை, இரவில் மண்சூட்டைச் செடிக்கு விடுவதில்லை. வேருக்குச் சுகம், இலைக்குச் சாவு. வெயில் காலத்தில் மூடாக்கு ரொம்ப நல்லது. அதை மார்ச் மாதம் போடுங்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு பழைய விஷயம். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் அலகாபாத் பக்கம் ஐஸ் தயாரித்தார்கள். ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்து 1775-இல் எழுதிவைத்திருக்கிறார். வெட்டவெளியில் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி, காய்ந்த கரும்புத் தட்டையோ சோளத்தட்டையோ ஏறக்குறைய ஓரடி கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் ஆழம் குறைந்த மண்சட்டிகளில் தண்ணீர் ஊற்றிச் சாயங்காலம் வைத்துவிடுவார்கள். விடிவதற்குள் ஐஸ் பிடித்திருக்கும். தட்டை எதற்கு? மண்ணின் சூடு சட்டிக்கு ஏறாமல் இருக்க. நீங்களும் நானும் வைக்கோல் பரப்பி அதைத்தான் செய்தோம். சட்டிக்குப் பதிலாக நாற்று வைத்தோம், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? மண் திறந்திருக்கட்டும். களை இல்லாமல், புதிதாகக் கொத்திவிடாமல், கெட்டியாக இருக்கட்டும். கொத்தின மண்ணில் காற்று புகுந்து, அதுவும் வைக்கோல் மாதிரி ஆகிவிடும். பனி வரும் என்று தோன்றுகிற நாளுக்கு ஒரு நாள் முன்னால், காலை பத்து மணிக்கு மேல், ஓரடி ஆழம் நனைகிற அளவுக்குத் தண்ணீர் கட்டுங்கள். ஈர மண் வறண்ட மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும், கீழிருந்து மேலே கடத்தவும் செய்யும். ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் கிடைக்கும். பீன்ஸுக்கும் குடைமிளகாய்க்கும் அந்த ஒன்றிரண்டு டிகிரிதான் கணக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்த் தண்ணீர் விடாதீர்கள். வெயில் இல்லாமல் நனைந்த மண்ணுக்குச் சேர்த்துவைக்கச் சூடு எங்கே இருக்கிறது?

இரவெல்லாம் டயர், ஈரச் சருகு எரித்துப் புகை போடுகிறோம். ஊரே செய்கிறது. உண்மையில் பலன் உண்டா? — ஒரு வாசகர், தும்மனட்டி

காட்டுப்பன்றி கிட்டே வராது. அது ஒரு பலன்.

பனிக்கு? இலையும் மண்ணும் வெளியே விடுகிற சூடு கண்ணுக்குத் தெரியாத கதிர். புகைத்துகள் அதைத் தடுக்க முடியாத அளவுக்குச் சன்னம். நம் கண்ணை மறைக்கிறதே, வானத்தையும் மறைக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். மேகம் மறைக்கும், மூடுபனி மறைக்கும். அவற்றில் இருப்பது நீர்த்துளி. புகை அப்படி இல்லை. போதாக்குறைக்கு, விடிந்த பிறகும் பள்ளத்தில் புகை நின்றால் வெயில் வருவதைத் தாமதப்படுத்தும்.

நெருப்பின் சூடு கொஞ்சம் உதவும், ஒரே பெரிய தீயாக இல்லாமல் தோட்டம் முழுக்கச் சின்னச் சின்னத் தீயாக இருந்தால். பனி இரவில் தரையில்தான் குளிர், தலைக்கு மேலே உயரத்தில் காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். சின்னத் தீயின் சூடு அந்த வெதுவெதுப்பான அடுக்கோடு கலந்து கீழேயே சுற்றும். பெரிய தீ அந்த அடுக்கைக் கிழித்துக்கொண்டு மேலே போய்விடும். ஆனால் ஒரு ஏக்கருக்கு விறகுச் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பீன்ஸையே வாங்கிவிடலாம். டயரை எரிக்கவே எரிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கும்.

ஸ்பிரிங்ளர் போட்டால் பனியிலிருந்து காப்பாற்றலாம் என்கிறார்கள். தண்ணீர் உறைந்தால் செடிமேல் ஐஸ்தானே பிடிக்கும்? அது எப்படிக் காக்கும்? எத்தனை மணிக்குப் போட வேண்டும்? — ஒரு வாசகர், எமரால்டு

கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். இதைப் பாதி தெரிந்துகொண்டு செய்தால், செய்யாமலே இருந்தவனைவிட அதிகம் இழப்பீர்கள். இழந்தவள் சொல்கிறேன்.

தண்ணீர் ஐஸாக மாறும்போது தன்னிடமுள்ள சூட்டை வெளியே விடுகிறது, கிராமுக்கு 80 கலோரி. இலைமேல் தண்ணீர் விடாமல் விழுந்து, விடாமல் உறைந்துகொண்டே இருந்தால், அந்தச் சூடு இலையைப் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிறுத்திவைக்கும். இலைக்குள் இருக்கும் நீர் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழேதான் உறையும். அதனால் வெளியே கண்ணாடிச் சட்டை போட்ட மாதிரி ஐஸ் இருந்தும் உள்ளே செடி உயிரோடு இருக்கும்.

ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும், கிராமுக்கு ஏறக்குறைய 600 கலோரி. அதாவது ஒரு பங்கு ஆவியாவதை ஈடுகட்ட ஏழெட்டுப் பங்கு உறைய வேண்டும். இடையில் தண்ணீர் நின்றால், நனைந்த இலை ஆவியாகி ஆவியாகி, சும்மா இருந்த இலையைவிடக் கீழே போய்விடும்.

எனக்கு நடந்தது அதுதான். மூன்று மணிக்கு மோட்டாரைப் போட்டேன். ஐந்து மணி வரை எல்லாம் அழகாக ஓடியது. டார்ச் அடித்துப் பார்த்தால் உருளைச் செடி ஒவ்வொன்றும் கண்ணாடிக் கடை மாதிரி மின்னியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்தேகாலுக்குக் கரண்ட் போனது. வர ஒன்றரை மணி நேரம். சூரியன் மேட்டைத் தாண்டி வந்தபோது என் செடிகள் தண்டோடு படுத்துவிட்டன. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒன்றுமே செய்யவில்லை. அவருக்கு மேல் இலை மட்டும் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டே பார்த்தார், அதுவே போதும் எனக்கு.

ஆகவே, போடுவதானால் இப்படி. செடி உயரத்தில் வைத்த தெர்மாமீட்டர் ஒன்றிரண்டு டிகிரிக்கு வரும்போதே ஆரம்பியுங்கள், காற்று வறண்டிருந்தால் இன்னும் முன்னதாகவே. பூஜ்ஜியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சூரியன் வந்து, ஐஸ் தானாக உருகிச் செடியிலிருந்து சொட்டி விழும்வரை நிறுத்தாதீர்கள். மணிக்கு இரண்டரை மில்லிமீட்டராவது விழ வேண்டும். ஏக்கருக்கு அது மணிக்குச் சுமார் 10,000 லிட்டர். மூன்று மணியிலிருந்து எட்டு மணி வரை என்றால் 50,000 லிட்டர். உங்கள் கிணறு தருமா? ஓடையிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் கீழே இருப்பவர் சும்மா இருப்பாரா? கரண்ட் போனால் டீசல் எஞ்சின் தயாராக நிற்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்ல முடிந்தால் போடுங்கள். இல்லையென்றால் அந்தத் தண்ணீரை முந்தின நாள் பகலில் மண்ணுக்குக் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கு பதற்றம்கூட இருக்காது.

நம் ஆட்கள் வெயில் படுவதற்குள் எழுந்து ஹோஸ் பிடித்துப் பனியைக் கழுவிவிடுகிறார்களே, அது வேறு. கிணற்றுத் தண்ணீர் பனியைவிடச் சூடானது. வெள்ளை இலைக்கு மேலே மட்டும் இருந்து உள்ளே இன்னும் உறையாத செடிக்கு, அதாவது கேரட், முட்டைக்கோஸ் மாதிரி தாங்கும் பயிர்களுக்கு, அது நல்லது. உள்ளே உறைந்துவிட்ட பீன்ஸைக் கழுவுவது பிணத்தைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான்.

பனிக்குப் பயப்படாமல் இப்போதே என்னென்ன போடலாம்? — ஒரு வாசகி, கோத்தகிரி

முட்டைக்கோஸ், கேரட், முள்ளங்கி, டர்னிப், நூல்கோல், புரோக்கோலி, பசலை, லீக்ஸ், பூண்டு. பட்டாணிச் செடி தாங்கும், பூவும் பிஞ்சும் தாங்காது. காலிஃபிளவரில் செடி தாங்கும், பூ பழுப்பாகிவிடும். அதன் இலைகளையே மேலே சேர்த்துக் கட்டிவிடுங்கள். கேரட் இலை சிவப்படித்தால் பயப்பட வேண்டாம், கிழங்கு பத்திரமாக மண்ணுக்குள் இருக்கிறது.

பீன்ஸ், தக்காளி, குடைமிளகாய், சீமைச்சுரை, வெள்ளரி, மக்காச்சோளம் இவையெல்லாம் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒரு டிகிரி போனாலே படுத்துவிடும். உருளைக்கிழங்கு இலையும் இந்தக் கோஷ்டிதான். அப்புறம், தாங்கும் பயிர் என்றாலும் டிசம்பரில் யூரியாவை அள்ளிப் போட்டு மொழுமொழுவென்று வளர்த்திருந்தால் தாங்காது. கொஞ்சம் பட்டினி கிடந்த செடிதான் குளிரில் நிற்கும்.

உருளை முளைத்து நான்கு விரல் உயரம் வந்திருந்தது. ஒரே இரவில் மேலே எல்லாம் போய்விட்டது. விதைக்கிழங்குக்கே பெரிய தொகை கடன். ஓட்டிவிட்டுக் கேரட் போடச் சொல்கிறார் அப்பா. என்ன செய்ய? — ஒரு வாசகர், நஞ்சநாடு

அப்பாவைப் பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

உருளைக்கு அடியில் சேமிப்பு இருக்கிறது. மேலே போனாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டின் கணுவிலிருந்தும் கிழங்கின் கண்ணிலிருந்தும் மறுபடி முளைவிடும். இன்றைக்கே நாலைந்து செடியின் அடியில் கையால் மண்ணை விலக்கிப் பாருங்கள். தண்டு மண்ணுக்குள் வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் பிழைக்கும். கொழகொழவென்று இருந்தால் கொஞ்சம் கீழே தோண்டிக் கிழங்கையே அழுத்திப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. அறுவடை தள்ளிப்போகும், விளைச்சலும் கொஞ்சம் குறையும். கடன்காரருக்கு அந்தக் கணக்கைச் சொல்லிவையுங்கள்.

இந்தப் பத்து நாளில் கருகினதை வெட்டாதீர்கள். செத்த இலை அடுத்த பனிக்கு ஒரு சின்னக் குடையாக நிற்கும். யூரியா வேண்டாம். முளைத்த இரண்டாம் குருத்து இரண்டு விரல் உயரம் இருக்கும்போது மறுபடி வானம் தெளிந்தால், சாயங்காலமே இரண்டு பக்கமும் மண் அணைத்துக் குருத்தை மூடிவிடுங்கள். நான்கு நாள் மண்ணுக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது, தானே முட்டிக்கொண்டு வரும். முதல் தடவையே இதைச் செய்திருக்கலாம். பரவாயில்லை, எல்லோரும் ஒரு தடவை தோற்றுத்தான் மண் அணைக்கக் கற்றுக்கொள்கிறோம்.

பீன்ஸ் போட்டவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பீன்ஸின் குருத்தும் விதையிலையின் கணுவும் மண்ணுக்கு மேலேதான். இரண்டும் போனால் செடி போனதுதான். அடுத்த விதையை எடுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்தில் தக்காளி நாற்று விட்டிருக்கிறேன். பாலிதீன் தாளை மேலேயே விரித்து மூடினேன். தாள் பட்ட இலைகள் மட்டும் கருகிவிட்டன. — ஒரு வாசகி, ஊட்டி

மெல்லிசான வெறும் பாலிதீன் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சூட்டைத் தடுக்காமல் விட்டுவிடும். தாளும் வெளிக்குளிர் அளவுக்குக் குளிரும், அதைத் தொட்ட இலையும் குளிரும். துணிதான் நல்லது. பழைய போர்வை, சாக்கு, கடையில் கிடைக்கும் வெள்ளை நான்-ஓவன் துணி எதுவானாலும் சரி. இலையைத் தொடாமல் மூங்கில் வளைத்து அதன்மேல் போடுங்கள். ஓரம் தரைவரை வந்து மண்ணில் அழுந்த வேண்டும். தண்டைச் சுற்றிக் குடை மாதிரிக் கட்டிவிட்டால் மண்சூடு உள்ளே வராது, பிரயோசனம் இல்லை.

தை, மாசிப் பனியைப் பற்றி ஒரு பழமொழி உண்டு: தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். குளிருக்குச் சரி. உறைபனிக்கு அது பொருந்தாது. மச்சுக்குக் கீழே உறைபனி பிடிப்பதே இல்லை. பனி விழுகிறது என்கிறோமே தவிர, அது மேலிருந்து விழுவதே இல்லை. கீழிருந்து சூடு போய்விடுகிறது, அவ்வளவுதான். செடிக்கும் வானத்துக்கும் நடுவே எதையாவது நிறுத்தினால் போதும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழையைப் போட்டு மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் தழைதான், ஆனால் வேலை செய்கிறது.

மூடும் நேரம் நான்கு மணி. வெயில் இறங்குவதற்குள், மண்ணில் சூடு இருக்கும்போதே மூட வேண்டும். ஒன்பது மணி வாக்கில் திறந்துவிடுங்கள். திறக்க மறந்துவிட்டால் அன்றைய வெயில் மண்ணுக்குக் கிடைக்காது, அடுத்த இரவு மூடியும் பயன் இல்லை.

சூடோமோனாஸ் தெளித்தால் பனி தாங்கும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? — ஒரு வாசகர், மன்னவனூர்

சொன்னவர் எங்கேயோ பாதி கேட்டிருக்கிறார். இதன் பின்னால் நல்ல கதை ஒன்று இருக்கிறது.

சுத்தமான தண்ணீர் பூஜ்ஜியத்தில் உடனே உறைந்துவிடாது. உறைய ஒரு பிடிமானம் வேண்டும். இலைமேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா அந்தப் பிடிமானத்தைக் கொடுக்கிறது. அது இருந்தால் பூஜ்ஜியத்துக்கு ஓரிரு டிகிரி கீழேயே ஐஸ் பிடிக்கத் தொடங்கிவிடும். கலிபோர்னியாவில் ஸ்டீவன் லிண்டோ என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் ஐஸ் பிடிக்கவைக்கும் மரபணுவை மட்டும் நீக்கிய பாக்டீரியாவை உருவாக்கினார்கள். 1987-இல் அங்கே ஸ்ட்ராபெரிச் செடியிலும் உருளைச் செடியிலும் வயலில் தெளித்துப் பார்த்தார்கள். மரபணு மாற்றிய உயிரியைத் திறந்தவெளியில் விடுவதா என்று பெரிய சண்டையே நடந்தது.

நம் கடையில் கிடைப்பது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். அழுகல், வாடல் நோய்களுக்கு நல்லது, நானும் நாற்றை அதில் முக்கித்தான் நடுகிறேன். குடும்பப் பெயர் ஒன்று, ஆள் வேறு. பனிக்காக அதை வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள்.

நுவரெலியாவில் எங்கள் தோட்ட லயத்துக்குப் பின்னால் லீக்ஸ், கரட், போஞ்சி போடுகிறோம். வானொலியில் நான்கு பாகை என்று சொன்ன நாளில் துகள்பனி விழுந்து போஞ்சி கருகிவிட்டது. நான்கு பாகையில் எப்படி அம்மா உறையும்? — ஒரு வாசகி, நுவரெலியா

உங்கள் துகள்பனியும் எங்கள் உறைபனியும் ஒன்றுதான், போஞ்சியும் பீன்ஸும் ஒன்றுதான். எங்கள் கஷ்டத்துக்குக் கடல் தாண்டி ஒரு கூட்டாளி கிடைத்ததில் சந்தோஷம்.

வானொலியில் சொல்வது நாலடி உயரத்தில், காற்றோட்டமான மரப்பெட்டிக்குள் வைத்த தெர்மாமீட்டரின் கணக்கு. பனி இரவில் தரையை ஒட்டிய இடம் அதைவிட இரண்டு மூன்று டிகிரி, சில இடங்களில் நான்கு டிகிரிகூடக் கீழே இருக்கும். அதோடு அந்தப் பெட்டி மேட்டிலும் உங்கள் போஞ்சி பள்ளத்திலும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நிலத்தின் மிகத் தாழ்ந்த மூலையில், ஒரு பிடி வைக்கோல்மேல் சாயங்காலம் வைத்துவிடுவேன். மேலே கூப்பிட்ட பார்க்கர் துரையின் சட்டிதான் இது. செடிக்கு முன்னால் தட்டு உறையும், அது எனக்குச் சேதி. காலையில் விரலால் தொடுவேன். ஓரத்தில் மட்டும் ஊசி ஊசியாக ஐஸ் இருந்தால், இன்று மதியம் தண்ணீர் கட்ட வேண்டும். தட்டு முழுக்கத் தகடாகப் பிடித்து, கவிழ்த்தால் வட்டமாகக் கழன்று வந்தால், இன்று சாயங்காலம் மூடவும் வேண்டும். நேற்றைய வானம் இன்றும் அப்படியே தெளிந்திருந்தால்தான் இந்தக் கணக்கு. மேகம் வந்துவிட்டால் வேலை மிச்சம். ஒரு இரண்டு ரூபாய்க் காசைத் தட்டில் போட்டுவையுங்கள். ஐஸ் காசை இறுக்கிப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தால் கனம் தெரியும். என் பேரன் அந்தக் காசுக்காகவே ஐந்தரை மணிக்கு எழுந்துவிடுகிறான்.

உங்கள் லீக்ஸும் கரட்டும் தாங்கும். போஞ்சியை லயத்துச் சுவரை ஒட்டிப் போட இடமிருந்தால் அங்கே மாற்றுங்கள். பகலில் வெயில் குடித்த சுவர் ராத்திரி திருப்பிக் கொடுக்கும், கூரை விளிம்பும் பாதி வானத்தை மறைக்கும்.

பீன்ஸ் விதைக்க எந்தத் தேதி சரி? ஒரே வரியில் சொல்லுங்கள். — ஒரு வாசகர், கேத்தி

நம்ம ஊர்க்காரர், ஒரே வரி கேட்கிறார். விதையை மூன்றாகப் பிரித்துப் பத்து நாளைக்கு ஒரு பங்காகப் போடுங்கள், முதல் பங்கு மேட்டுப் பாத்தியில், பள்ளத்துக்குக் கடைசிப் பங்கு, தட்டில் ஐஸ் பிடிப்பது நின்று பத்து நாள் ஆன பிறகு.